நடுவில் ஒருவர்

அருள்தாஸுக்குச் சாவென்றால் பயம் கிடையாது. எங்கேயும் பிந்திப் போய்ச் சேருவதுதான் அவருடைய பயம். நியாயமான பயம். அந்த மனிதருடைய ஜாதகமே அப்படி. வேதக்காரர்களுக்கு, அதாவது கிறிஸ்தவர்களுக்கு, ஏது ஜாதகம் என்று கேட்பீர்கள். எழுதியிருந்தால் அதையும் பிந்தித்தான் எழுதியிருப்பார்கள்.

விராலிமலைப் பக்கம் பெண் பார்க்கப் போனபோது பிந்தினார். சரி, முதல் தடவை, வழி தெரியவில்லை என்று விட்டுவிட்டார்கள். கல்யாணத்தன்றும் பிந்தினார். கோரைவிடுதியிலிருந்து கிளம்பிய மாப்பிள்ளை வேன் பாதி வழியில் பஞ்சர், மாற்றலாம் என்று இறக்கிய ஸ்டெப்னியும் பஞ்சர். வேர்த்து விறுவிறுத்துக் கோயிலுக்கு வந்து சேர்ந்தால், பூசை வைக்க வந்த சாமியார் அங்கியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்துவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருக்கிறார். மணப்பெண் சலேத்மேரி தலையில் வைத்த பூமுடியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, கோயில் படியில் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். ஓடிவந்து நின்ற மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னிக்குமா?" என்றாள்.

அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். கோபமாகக் கேட்டிருந்தால் மறந்திருப்பார். சிரித்துக்கொண்டு கேட்டதால் அது கடைசிவரைக்கும் அவர் காதில் கிடந்தது.

கல்யாணமான இரண்டாம் வருஷம் சவுதிக்குப் போனார். தம்மாமில் ஓர் அரபி வீட்டில் டிரைவர். வேடிக்கையைக் கேளுங்கள், அங்கே அவர் ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை. முதலாளியின் பிள்ளைகளை மணியடிக்கும் முன்பே பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவார். தன் ஊர் விஷயம் என்றால்தான் அவருக்குக் கால் பின்னும். அம்மா செத்தபோது வந்து சேர்வதற்குள் குழிமேட்டில் போட்ட மாலை காய்ந்திருந்தது. பிள்ளை வேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் வேளாங்கண்ணிக்கு நடந்தார்கள், பூண்டிக்கு நடந்தார்கள், அப்புறம் நடப்பதை விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு லீவு முடியும்போதும் பெட்டியைக் கட்டிக்கொண்டே, "இதான் மேரி கடைசி. அடுத்த தடவ வந்தா போகமாட்டேன்" என்பார். அவளும் "சரிங்க" என்பாள். நம்பாதவள் மாதிரி ஒரு நாளும் அவள் முகத்தை வைத்துக்கொண்டதில்லை.

கொரோனா வருஷத்தில் வானத்தில் ஒரு விமானம் பறக்காத நாளில், சலேத்மேரி அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. அவளுக்கு வந்தது கொரோனா இல்லை, வெறும் நெஞ்சுவலி. ஆனால் அந்த மாதத்தில் யார் எதற்குச் செத்தாலும் தெருக்கதவு எல்லாம் சாத்திக்கொண்டது. குழி வெட்டுகிறவர் வரமாட்டேன் என்றார். கோயிலைக் கூட்டி மணியடிக்கிற கோயில்பிள்ளை சூசைராஜ் காய்ச்சலில் வீட்டுக்குள் படுத்துக் கிடந்தார். அடுத்த வீட்டுக் கண்ணன்தான், அவர் வேதக்காரர்கூட இல்லை, தன் பங்காளிகள் இரண்டு பேரைத் தள்ளிக்கொண்டு வந்து குழி வெட்டி, டிராக்டரில் பெட்டியை ஏற்றிக்கொண்டுபோய் இறக்கினார். சாமியார் முகத்தை மூடிக்கொண்டு தள்ளி நின்று செபம் சொன்னார். அவரும் அதற்கப்புறம் வேறு ஊர்ப் பங்குக் கோயிலுக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

கண்ணன் அதை போனில் வீடியோ எடுத்து தம்மாமுக்கு அனுப்பினார். அருள்தாஸ் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். பெட்டியைத் தூக்குகிற இடம் வரைக்கும் பார்த்தார். அதற்கு மேல் விரல் போகவில்லை. போனை அணைத்துத் தலையணைக்கடியில் வைத்தவர்தான், அந்த வீடியோவை அழிக்கவும் இல்லை, மறுபடி திறக்கவும் இல்லை.

அடுத்த வருஷக் கடைசியில்தான் ஊர் வந்தார். பெட்டி படுக்கையோடு நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். தைலமரக் காட்டை ஒட்டிய செம்மண் பூமி. வாசல் வளைவில் ‘சாவே, உன் கொடுக்கு எங்கே?’ என்று சாவைச் சவாலுக்கு இழுக்கிற வசனம் நீலப் பெயிண்டில் எழுதியிருக்கும். உள்ளே புதிதாக பேவர் பிளாக் பதித்து ஒரு பாதை போட்டிருந்தார்கள். கோயில்பிள்ளை சூசைராஜ் முன்னால் நடந்துபோய், பாதையோரத்தில் ஒரு மேட்டைக் காட்டினார். அதன் தலைமாட்டில் கறுப்பு இரும்புச் சிலுவை. கறம்பக்குடி வெல்டிங் கடையில் கண்ணன் சொல்லிச் செய்து கொடுத்தனுப்பிய சிலுவை. வெள்ளை எழுத்தில் சலேத்மேரி. அருள்தாஸ் பாதையில் செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டின் மேல் குப்புற விழுந்தார்.

"வந்துட்டேன் மேரி" என்றார். செம்மண்தான் வாயில் ஒட்டியது.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாது. பூசை முடிந்ததும் மற்றவர்கள் கறிக்கடைக்குப் போவார்கள், அருள்தாஸ் கல்லறைக்குப் போவார். செருப்பைப் பாதையில் கழற்றிவிட்டு மேட்டின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்த வாரக் கதையை ஒன்றுவிடாமல் சொல்வார். கஜா புயலில் சாய்ந்த தென்னைக்குப் பதிலாக வைத்த கன்று இலை விட்டதைச் சொல்வார். குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டதைச் சொல்வார். அவள் போட்டு வைத்துவிட்டுப் போன நார்த்தங்காய் ஊறுகாயைப் பொட்டுப் பொட்டாகத் தொட்டுத் தின்று, அடியில் ஒரே ஒரு துண்டு மிச்சம் வைத்திருப்பதைச் சொல்வார். "அதைத் தின்னுட்டா அப்புறம் ஒங் கைச்சோறு இல்லையே மேரி. அதான் வச்சிருக்கேன்." அவளுடைய சேலைப்பெட்டியைத் திறக்கப் பயமாக இருப்பதை ஊரில் ஒருவரிடமும் சொல்லாதவர், அதையும் அங்கேதான் சொன்னார். கடைசி லீவைத் தள்ளிப்போட்டது ஏன் என்றும் சொன்னார். முதலாளி மகள் கல்யாணத்துக்கு வண்டி ஓட்ட ஆள் இல்லை என்று கெஞ்சினார்கள், இவரும் சரியென்று நின்றுவிட்டார், அவ்வளவுதான் காரணம். அவ்வளவு அற்பமான காரணம். அதைச் சொன்ன ஞாயிறு அவர் வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கவில்லை.

வாரத்தின் மற்ற நாட்களில் அவர் யாரிடம் பேசினார் என்று கேட்டால், டீக்கடையில் "ஒரு டீ" என்பார், பஸ்ஸில் "கறம்பக்குடி ஒண்ணு" என்பார். அதோடு சரி. கண்ணன் மனைவி பரிமளா குழம்பு கொடுத்தனுப்பினால் கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்து, "நல்லா இருந்துச்சும்மா" என்பார். ஆள் வாழ்ந்தது ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான்.

அவருடைய விசுவாசத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரித்தோர் எல்லாம் உடலோடு எழும்புவார்கள் என்கிற இடம் செபத்தில் வரும்போது மற்றவர்கள் வாய்க்குள் மென்று விழுங்குவார்கள். கூட்டத்தில் கணீரென்று கேட்பது அருள்தாஸ் குரல் மட்டும்தான். படித்தவர்கள் அதற்கு ஆயிரம் வியாக்கியானம் வைத்திருக்கலாம். அவருக்கு அது அப்படியே நடக்கப்போகிற காரியம். எக்காளம் ஊதும், மண் பிளக்கும், சலேத்மேரி எழுந்து உட்கார்ந்து சேலையில் ஒட்டிய செம்மண்ணைத் தட்டுவாள், பிறகு சுற்றுமுற்றும் பார்ப்பாள். சாவை ஜெயிப்பதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார், அதில் அவருக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. சந்தேகமெல்லாம் தன் மேல்தான். அவள் சுற்றுமுற்றும் பார்க்கிற அந்த நேரத்தில் தான் பக்கத்தில் இருக்க வேண்டும். போகும்போது பக்கத்தில் இல்லாதவன், எழுந்திருக்கும்போதாவது இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, பக்கத்திலேயே படுப்பது.

ஆகவே இரட்டைக் கல்லறை கட்ட முடிவு செய்தார். அந்த மேட்டுக்கு இங்கிட்டு, பாதையில்லாத பக்கத்தில், ஓர் ஆள் படுக்கிற இடம் காலியாக இருந்தது. இப்போதிருக்கிற இளவயதுச் சாமியாரிடம் போய்க் கேட்டார்.

"உயிரோட இருக்கிறவருக்கு இப்பவே எதுக்குங்க கல்லறை?" என்று சாமியார் சிரித்தார்.

"முன்பதிவு சாமி. எனக்கு எப்பவும் கடைசி நேரத்துல கெடைக்காது."

சாமியார் சரி என்றார். கல்லறைத் திருநாள் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று அருள்தாஸ் கொத்தனாருக்குச் சொல்லி, மணலுக்குக் கண்ணனிடம் சொன்னார். கண்ணன் டிராக்டரில் மணலை ஏற்றிக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு வந்தார். அடக்கத்தன்று வந்தவர் அதற்கப்புறம் உள்ளே கால் வைத்ததில்லை. அவருக்கு அங்கே என்ன வேலை? மணலைச் சுவரோரமாகக் கொட்டிவிட்டு, தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அருள்தாஸ் நிற்கிற இடத்துக்கு வந்தார். சிலுவையைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். திரும்பி, பாதைக்கு அந்தப் பக்கம் நிற்கிற வேப்பமரத்தைப் பார்த்தார்.

"என்னண்ணே, சிலுவையை இங்கிட்டு நட்டிருக்கீங்க?"

"எங்கிட்டு?"

"அக்காவை அடக்கம் பண்ணுனது அங்கிட்டுல்ல. நான் அந்த வேப்பமரத்துல சாஞ்சுகிட்டுதாண்ணே வீடியோ எடுத்தேன். கைய நீட்டுனா குழி. இது தள்ளியில்ல இருக்கு."

"சும்மா இரு கண்ணா. நீ எப்பவோ வந்தவன்."

"நான்தாண்ணே குழி வெட்டுனேன்" என்றார் கண்ணன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. "இல்லண்ணே, எனக்குத்தான் ஞாவகம் பெசகியிருக்கும்" என்று இழுத்தார்.

அருள்தாஸ் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். தம்மாமில் வாங்கிய அதே போன். வருஷக்கணக்காகத் திறக்காத வீடியோவைத் திறந்தார். பெட்டியைத் தூக்குகிற இடம் வந்தது, தாண்டியது. அவர் பார்க்காத மிச்சம் இப்போது ஓடியது. பெட்டி இறங்குகிறது. மண் விழுகிறது. யாரோ இருமுகிறார்கள். படத்தின் ஓரத்தில் வேப்பமரத்தின் முண்டு முடிச்சு விழுந்த அடிமரம், தொட்டுவிடுகிற தூரத்தில். அதே முடிச்சு. அவர் போனையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கீழே பார்த்தார்.

மரத்துக்கும் மேட்டுக்கும் நடுவில் இருந்தது பாதை. பாதையில் அவருடைய செருப்பு கிடந்தது.

ஒவ்வொரு ஞாயிறும், புண்ணிய பூமி என்று மரியாதைக்காகக் கழற்றி விடுகிற செருப்பு. இத்தனை நாளும் அதை அவள் மேல் கழற்றி விட்டிருக்கிறார். அருள்தாஸ் ஓடிப்போய்ச் செருப்பை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். வேறு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார்.

கோயில்பிள்ளை சூசைராஜை வீட்டில் போய்ப் பிடித்தார்கள். வயசாளி. கேட்டதும் முதலில் கோபப்பட்டார், பிறகு கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ வாரதுக்குக் கொஞ்ச நாள் முந்தி, கல்லறைத் திருநாளுக்காகக் கருவேலங்காட்டை அழிக்க ஜேசிபி விட்டாங்க தம்பி. வண்டிக்காரன் மண்மேடு, குழிமேடு ஒண்ணும் பாக்கலை. சிலுவையெல்லாம் புடுங்கிச் சுவரோரமாப் போட்டுட்டான். பாதைக்கும் மண்ணை அவனே நெரவிட்டான். நானும் எளவட்டப் பயலுகளும்தான் ஞாவகத்துல திரும்ப நட்டோம். மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கும். காய்ச்சல் மாசத்துல விழுந்த குழி ரெண்டு. ஒண்ணு மேரியோடது. ஒண்ணு கோயில் வாசல்ல கெடந்தாரே ஒரு பெரியவர், அவரோடது. ரெண்டுக்கும் நான் வரலை, படுத்துக் கெடந்தேன். கடைசியில பாத்தா அந்த ரெண்டுல மேடு ஒண்ணுதான் இருக்கு. கையில சிலுவையும் ஒண்ணுதான் இருக்கு. அவருக்கு யாரு சிலுவை செஞ்சா? அதனால நட்டுட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே."

"நீ பெட்டியோட வந்து நின்னே. எது எம் பொண்டாட்டின்னு கேட்டே. தெரியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரலைடா தம்பி."

அந்தப் பதிலுக்குப் பிறகு அவரைத் திட்டக்கூட முடியவில்லை.

அந்தப் பெரியவர் யார் என்று யாருக்கும் தெரியாது. எந்த ஊர், என்ன பெயர், வேதக்காரரா இல்லையா, எதுவும் தெரியாது. தவக்காலத்தில் எங்கிருந்தோ வந்து கோயில் வாசலில் உட்கார்ந்தார். கொடுத்ததைத் தின்றார். யார் என்ன பேசினாலும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார், திருப்பிப் பேச மாட்டார். காய்ச்சல் மாதத்தில் ஒரு காலை எழுந்திருக்கவில்லை. மாற்றலாகிப் போன சாமியார், வாசலில் செத்தவர் நம்மவர்தான் என்று சொல்லி, சலேத்மேரிக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்ய வைத்தார்.

அருள்தாஸ் சாமியாரிடம் போனார். சாமியார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு சொன்னார்:

"எழுப்புற கடவுளுக்கு எடம் தெரியுங்க அருள்தாஸ்."

"அவருக்குத் தெரியும் சாமி. எனக்குல்ல தெரியாமப் போச்சு."

"இயேசு உயிர்த்த அந்த முதல் ஞாயிறு அன்னைக்குக் கல்லறைக்குப் போன பெண்களும், தேடிப்போன ஆள் அங்க இல்லாமத்தான் நின்னாங்க."

"அவங்களுக்கு வானத்துலேர்ந்து ஒரு சம்மனசு வந்து சேதி சொல்லுச்சு. எனக்கு வந்தது கண்ணன், டிராக்டர்ல" என்றார் அருள்தாஸ். சாமியாருக்குச் சிரிப்பு வந்து, சிரிக்கக்கூடாது என்று அடக்கிக்கொண்டார். அருள்தாஸ் சிரிக்கவில்லை.

பாதையைப் பெயர்த்துவிடலாமா என்று சாமியாரே கேட்டார். அருள்தாஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்து வேண்டாம் என்றார். பெட்டி தூக்கி வருகிறவர்களுக்கு அது ஒன்றுதான் வழி, அந்த இடத்தில் பெயர்த்தால் இருட்டிலும் மழையிலும் தடுக்கி விழுவார்கள். அந்தப் பக்கம் இடம் பார்க்கலாம் என்றால் வேப்பமரத்து வேர், மண்வெட்டி இறங்காது. இந்தப் பக்கம் பெரியவர். ஆகக்கூடி, அவர் முன்பதிவு செய்த இடத்துக்கும் மனைவிக்கும் நடுவில் ஓர் அந்நியர் படுத்திருந்தார். ஆயுள் பூராவும் பிந்தியவருக்குக் கடைசி இடமும் தள்ளித்தான் கிடைத்தது.

அந்த ஞாயிறு அவர் கல்லறைக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறும் போகவில்லை. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். ஜேசிபியைப் பற்றி, செருப்பைப் பற்றி, சூசைராஜ் அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பற்றி யாரிடமாவது சொல்லி அழ வேண்டும். இப்படியொரு துக்கம் வந்தால் போய்ச் சொல்ல அவருக்கு இருந்த இடமே அந்த மேடு ஒன்றுதான். அந்த மேடே இப்போது துக்கமாகிவிட்டது. பாதையில் போய் நின்று பேசலாமா என்று நினைத்துப் பார்த்தார். முடியவில்லை. அவளிடம் முதல் தடவையாக, கூச்சமாக இருந்தது. இத்தனை நாள் சொன்னதையெல்லாம் அவள் கேட்கவே இல்லையே, மறுபடி முதலிலிருந்து எப்படிச் சொல்வது? ஊறுகாய் ஜாடியை எடுத்துத் திறந்து பார்த்தார். கடைசித் துண்டு காய்ந்து கறுத்துக் கிடந்தது. மூடி வைத்தார். பரிமளா குழம்புக் கிண்ணத்தோடு வந்து வாசலில் நின்று, "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டாள். கிண்ணத்தை ஜன்னலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கல்லறைத் திருநாளன்று மழை பெய்து விட்டிருந்தது. போகக்கூடாது என்றுதான் இருந்தார். மாலையில் தெருவில் வேதக்காரர் வீட்டு ஆட்கள் பூவும் மெழுகுதிரியுமாகப் போகிற சத்தம் கேட்டது. தன் வீட்டு ஆளை மட்டும் பார்க்க யாருமில்லாமல் எல்லாரும் மிதித்துக்கொண்டு போவார்களே என்ற நினைப்பு வந்ததும் சட்டையை மாட்டினார்.

போய்ச் சேர்ந்தபோது, வழக்கம்போல, செபம் பாதி முடிந்திருந்தது. கல்லறைத் தோட்டம் பூராவும் மெழுகுதிரி வெளிச்சம். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் மேட்டைச் சுற்றிக் கும்பலாக நின்றது. அருள்தாஸ் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு பாதையில் நடந்து, வேப்பமரத்துக்கு நேரே வந்து, நடுப்பாதையில் உட்கார்ந்தார். ஈரமான பேவர் கல்லின் மேல் மெழுகை உருக்கிச் சொட்டவிட்டு மெழுகுதிரியை ஒட்டவைத்தார். கையில் கொண்டுவந்த பிச்சிப்பூவைச் சுற்றிலும் உதிர்த்தார். வந்தவர்கள் தயங்கி நின்றார்கள். விஷயம் ஊருக்கே தெரிந்திருந்தது. ஒருவர் பின் ஒருவராகப் பாதையை விட்டு இறங்கி, செம்மண் சேற்றில் கால் வைத்து, சுற்றிக்கொண்டு போனார்கள்.

கல்லறை கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வந்த சாமியார் அங்கே நின்றார். தீர்த்தச் செம்பு பிடித்திருந்த சூசைராஜ் கீழே பார்த்தபடி நின்றார். சாமியார் பாதைக் கல்லின் மேல் தீர்த்தம் தெளித்து, மற்றக் கல்லறைகளுக்குச் சொன்ன செபத்தை ஒரு வார்த்தை குறைக்காமல் இங்கும் சொல்லி, சலேத்மேரி என்று பெயரையும் சொன்னார். அருள்தாஸ் ஆமென் என்றார். குரல் கணீரென்று வரவில்லை.

எல்லாரும் நகர்ந்த பிறகுதான் பக்கத்து மேட்டைப் பார்த்தார். அவர் வராத இரண்டு ஞாயிற்றில் அதில் புல் தலை காட்டியிருந்தது. சிலுவையை அன்றைக்கே சூசைராஜ் எடுத்துப் பாதையோரத்தில் வேப்பமரத்தடியில் நட்டுவிட்டதால் மேடு மொட்டையாகக் கிடந்தது. தோட்டத்திலேயே மெழுகுதிரி இல்லாத மேடு அது ஒன்றுதான். இத்தனை வருஷமாகப் பூவும் வெளிச்சமும் கண்ட மேடு. அவர் எழுந்து போய், எப்போதும் உட்கார்கிற இடத்தில் உட்கார்ந்தார். உடம்புக்கு அந்த இடம் பழகியிருந்தது. புல்லைப் பிடுங்கிப் போட்டார்.

திடீரென்று அவருக்கு ஒரு பஸ் ஞாபகம் வந்தது. முதல் லீவில் வந்தபோது புதுக்கோட்டைக்கு மிக்சி வாங்கப் போனார்கள். கடலை வாங்கப் போன அருள்தாஸ் ஏறுவதற்குள், மூன்று பேர் சீட்டில் சலேத்மேரிக்குப் பக்கத்தில் வேட்டிக்கட்டு ஆள் ஒருவர் மடியில் பையோடு உட்கார்ந்துவிட்டார். மாறி உட்காருங்கள் என்று கேட்க அருள்தாஸுக்கு வெட்கம். சலேத்மேரிக்கு எந்த வெட்கமும் கிடையாது. "அவர்ட்ட சொல்லுங்க, மூணு ஜார் உள்ளதா வாங்கணும்னு" என்று அந்த ஆளிடமே சொல்ல ஆரம்பித்தாள். அவரும் முதலில் முறைத்துப் பார்த்து, பிறகு, "மூணு ஜாராம்ங்க" என்று இங்கே திரும்பிச் சொன்னார். புதுக்கோட்டை வரைக்கும் பேச்சும் கடலைப் பொட்டலமும் அவர் கைவழியாகத்தான் போய் வந்தன. இறங்கும்போது, "ரெண்டு பேரும் நல்லாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அருள்தாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மிச்சமிருந்த மெழுகுதிரியை எடுத்து மேட்டின் தலைமாட்டில் ஊன்றிப் பற்றவைத்தார். காற்றுக்கு அணைந்தது. கையால் மறைத்துக்கொண்டு மறுபடி பற்றவைத்தார்.

"பெரியவரே," என்றார். வேறு பெயர் தெரியாது. "இம்புட்டு நாளும் ஒங்க காதுலதான் போட்டிருக்கேன் எல்லாத்தையும். ஊறுகாய், சேலைப்பெட்டி, அந்தக் கல்யாணத்துக்கு வண்டி ஓட்டப்போனது, எல்லாம். நடுவுல நீங்க எந்திரிச்சுப் போகலை. ரெண்டு வாரமா வராததுக்கு மன்னிச்சுக்கங்க. ஒங்க மேல கோவமில்ல."

தைலமரக் காட்டுப் பக்கம் மறுபடி தூறல் ஆரம்பித்தது. ஆட்கள் குடையை விரித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்கள். தூரத்திலிருந்து கண்ணன், "அண்ணே, மழை வருது, வண்டில ஏறுங்க" என்று கூப்பிட்டார். "இந்தா வாரேன்" என்று கையைக் காட்டினார் அருள்தாஸ். எழுந்திருக்கவில்லை. பாதைக் கல்லில் எரிகிற மெழுகுதிரியைப் பார்த்தார், தான் படுக்கப்போகிற காலி இடத்தைப் பார்த்தார், பிறகு நடுவில் இருந்தவரிடம் குனிந்தார்.

"நான் இங்கிட்டுத்தான் படுத்துக்கப்போறேன். கொத்தனார்ட்டச் சொல்லி ஒங்களுக்கும் சேத்துக் கரை கட்டிருவோம். ஒண்ணே ஒண்ணு மட்டும் நீங்க செய்யணும். எக்காளம் ஊதுற அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் எந்திரிச்சு, நான் வரக் கொஞ்சம் பிந்திட்டேன்னு வைங்க, அவ என்னையத் தேடுவா. இந்தா வந்துருவாருன்னு சொல்லுங்க. நம்புவா. அவ எப்பவும் நம்புனவதான்."